கதவுப் பக்கம் தொய்ந்த எரிபொருள்

இதை எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் நடந்தபடியே சொல்கிறேன்.

எங்கள் ஊரில் ராக்கெட்டின் திட எரிபொருளைத் தனியாக இருப்பவர்களின் வீட்டில்தான் வைப்பார்கள். குடும்பம் இருக்கிற வீட்டில் அது கெட்டுப்போகும். ஒருநாள் சிரிப்பு, மறுநாள் சண்டை என்று வீடு சூடேறி ஆறினால் அதில் வெடிப்பு விழும். யாராவது அழுதால் ஈரம் ஏறும். வடிவம்மாளின் புருஷன் இறந்து, மகன் இசக்கிராஜும் மஸ்கட்டுக்குப் போன பிறகு, அவள் வீட்டு உள்ளறையில் ராக்கெட் கிடங்குக்காரர்கள் அந்த எரிபொருள் உருளை ஒன்றைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். ரப்பர் போல, ஆள் நீளத்துக்கு இருக்கும். ஆறு வருஷமாக அந்த வீட்டில் அவளோடு இருப்பது அது ஒன்றுதான்.

வேலை அதிகமில்லை. அறைக்குள் அழக்கூடாது. அமாவாசைக்கு அமாவாசை உருளையைக் கால் சுற்றுப் புரட்டிவிட வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் தன் பாரத்திலேயே தொய்ந்துவிடும். வடிவம்மாள் புரட்டி, போர்வையை இழுத்து மூடி, அன்றைக்கு என்ன குழம்பு என்றும் சொல்லிவிட்டு வருவாள்.

சித்திரையில் மகன் வருவதாகப் போன் வந்தது. அவள் திருவனந்தபுரம் போய் மூன்று நாள் விமான நிலைய வாசலில் நின்றாள். லீவு கிடைக்கவில்லை என்று நாலாம் நாள் சொன்னான். இடையில் அமாவாசை கழிந்திருந்தது. வந்து பார்த்தால் உருளை தொய்ந்து கிடந்தது, கதவுப் பக்கமாக.

சோதனைக்கு வந்த கிடங்கு அதிகாரி அருளப்பன் ஊசியால் குத்திப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார்.

“எங்கம்மா போயிருந்திய?”

“மவனைக் கூப்பிட்டு வர.”

“வந்தாரா?”

“வரல சார்.”

“அப்ப சரி. இன்னும் தனி ஆளுதான?”

படிவத்தில் ‘தனி ஆள்’ என்ற கட்டத்தில் மறுபடி டிக் போட்டார். காத்திருப்பவர்கள் உடம்பில் மின்சாரம் ஏறும், எரிபொருளுக்கு அது ஆகாது, ஒரு பொறி போதும் என்றார். இன்னொரு தரம் தொய்ந்தால் எடுத்துப்போய் எரித்துவிடுவார்களாம். வேறு உருளையும் தரமாட்டார்களாம்.

“இது போயிட்டா நான் யாரைப் புரட்டுவேன் சார்?” என்று கேட்டாள்.

அதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை.

கார்த்திகையில் போன் அடித்தது. பொங்கலுக்குக் கட்டாயம் வருகிறேன் என்று சொல்லத்தான் மகன் அடிக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனாள். உள்ளறை வரை எட்டும் செம்புக் கம்பியின் ஒரு முனையைக் கணுக்காலில் கட்டி, உடம்பில் ஏறுவது மண்ணில் இறங்கட்டும் என்று மறுமுனையை ஒரு முழ ஆழத்தில் புதைத்து, தண்ணீர் ஊற்றி மிதித்தாள். மறுபடி அடித்தபோதுதான் எடுத்து, “சரிய்யா, வா” என்றாள். உடம்பில் ஒன்றும் ஏறவில்லை. உருளையும் அசையவில்லை.

இப்போதும் அந்தக் கம்பியோடுதான் இருக்கிறாள். மத்தியான வேளையில் மண்ணுக்குள்ளிருந்து யாரோ, சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல, அதை இரண்டு தரம் மெல்ல இழுப்பார்கள். வடிவம்மாளும் காலை இரண்டு தரம் இழுத்துக் காட்டிவிட்டு, சாப்பிட உட்காருவாள்.