நாற்பத்தோராவது கல்

காவல் கோபுரத்தின் விலை முந்நூற்றுப் பத்து; அதில் ஏறும் ஏணிக்குத் தனியாகப் பதினைந்து. பஞ்சு வியாபாரி அரை நாள் பேரம் பேசியது ஏணிக்குத்தான். ஏணி இல்லாமல் முடியாது: எதிரி எட்டாதபடி வாசலை இரண்டு ஆள் உயரத்தில் வைத்துக் கட்டியிருந்தார்கள். சுவர் நாலு முழக் கனம். இருந்தது ஒரே ஜன்னல். உள்ளே ஆள் நிற்கும் அகலம், வெளியே ஒரு சாண். எதிரி எந்தத் திசையில் வருகிறானோ அந்தப் பக்கம், திரிகை சுற்றும் சத்தத்தோடு அது திரும்பிக்கொள்ளும். குதிரைப்படை வந்தபோது வடக்கே, கடற்கொள்ளைக்காரர்கள் வந்தபோது கிழக்கே. பிறகு எண்பது வருடம் எவனும் வரவில்லை. ஜன்னல் கடலைப் பார்த்தபடி கிடந்தது.

வியாபாரி வாங்கியது இடித்துக் கல்லை விற்க. உச்சி வரிசையில் நாற்பத்தொரு கல் பெயர்த்த அன்று மத்தியானம் ஜன்னல் திரும்பி அவர் கடையைப் பார்த்தது. கடைக்குப் பின்னால் மச்சான் வீடு. வியாபாரத்தில் பாதிப் பங்கும் மச்சானுடையது. எதிரி யாரென்று வியாபாரிக்கு உடனே விளங்கிவிட்டது. கூட்டை முறித்தார், மச்சானை நாலு தெரு தள்ளிக் குடிவைத்தார். மனசு கேட்காமல், புது வீட்டு வாசற்படிக்கு பெயர்த்த கல்லில் ஒன்றை இனாமாகக் கொடுத்தார். அவர் ஆயுளில் இனாமாகக் கொடுத்த முதல் பொருள் அதுதான்.

மச்சான் போன பிறகும் ஜன்னல் விடவில்லை. வியாபாரி சந்தைக்குப் போனால் சந்தைப் பக்கம், குளிக்கப் போனால் கிணற்றுப் பக்கம் திரும்பியது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்ப்பார்; பாதி எடையில் தராசை வைத்துவிட்டு ஓடுவார். கோபுரம் முறைக்கிற ஆளிடம் யார் பஞ்சு வாங்குவார்கள்? வாடிக்கை மூன்று பேராகச் சுருங்கியபோது அவர் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “அது எங்கண்ணனைப் பாக்கவே இல்லங்க. இடிக்க வந்தது நீங்கதானே?”

மறுநாளே, கூலிக்கு ஆள் வைக்காமல், தானே ஏணியில் சுமந்து ஏறி நாற்பது கல்லைத் திரும்ப வைத்தார். ஜன்னல் கடல் பக்கம் புறப்பட்டது. பாதி வழியில் மச்சான் வாசற்படியைப் பார்த்து நின்றுவிட்டது.

வியாபாரி போய் அந்தக் கல்லைத் திரும்பக் கேட்டார். இரட்டை விலை சொன்னார், ஏணியையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். மச்சான் படியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். “என்னை எதிரின்னீங்களே மாப்ளே. எதிரி வீட்டுப் படியாவே கிடக்கட்டும். வேணும்னா தினம் வந்து உக்காந்து காவல் இருங்க.”

உட்கார்ந்து பார்த்தார். ஜன்னல் கடலுக்குத் திரும்பியது. எழுந்தார், திரிகைச் சத்தம் கேட்டது. மறுபடி உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் தராசு அங்கே வந்தது, மறு வாரம் பஞ்சு மூட்டைகள் வந்தன, அதற்கடுத்த மாதம் மச்சானின் பாதிப் பங்கும் வந்தது. ஊர் இப்போது அங்கேதான் பஞ்சு வாங்குகிறது. எடுத்த கல் நாற்பத்தொன்று, வைத்தது நாற்பது, பாக்கி ஒன்று. அதன்மேல் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.