ஊசிமுனை இடம்

பெயிண்டர் சாவியைத் திருப்பியதும் வேனின் உள்விளக்கு ஒருமுறை மினுங்கி அணைந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. ஸ்டார்ட்டரிலிருந்து முனகல்கூட வரவில்லை.

மணி எட்டு இருபது. மகளுக்குப் பத்து மணிக்குக் கடைசிப் பரீட்சை. ஒன்பதே முக்காலுக்கு வாசற்கதவைச் சாத்திவிடுவார்கள். போய்ச் சேர அரைமணி நேரம் பிடிக்கும். அவளுடைய சக்கர நாற்காலி மடக்க முடியாதது, மோட்டார் வைத்தது. அது ஏறுவதற்கான சாய்வுப் பலகை இந்தப் பழைய வேனில் மட்டும்தான் இருந்தது.

அவர் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். போன மாதம் மகள் தேர்ந்தெடுத்த கருநீலத்தில் வேன் முழுவதையும் அடித்தார். பேட்டரியைக் கழற்றி, அது உட்காரும் தட்டையும் கழற்றி, யார் கண்ணிலும் படாத அடிப்பக்கம்வரை அடித்தார். ஊசிமுனை இடம்கூட விடவில்லை என்று அதன்பின் பார்த்தவர்களிடமெல்லாம் தானாகவே சொன்னார்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். எதுவும் அறுந்திருக்கவில்லை. பேட்டரி வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. அதன் முனைகளை இறுக்கியும் பார்த்தார். யாரைக் கூப்பிட வேண்டும் என்பது தெரியும். மனைவியின் அண்ணன் வண்டி எலெக்ட்ரீஷியன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஆனால் அந்த வாய்க்குத் தீனி போடுவதா என்று அவர் நின்றுகொண்டிருந்தபோதே மனைவி கூப்பிட்டு முடித்திருந்தாள்.

மச்சான் டெஸ்ட் பல்பின் வயரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். வேனை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“என்ன மாப்ள, பொண்ணு பாக்கப் போற மாதிரி ஜோடிச்சு வச்சிருக்கீங்க, எந்திரிக்கத்தான் மாட்டேங்குது.”

வாசலில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த மகள் நிமிராமலே சொன்னாள்: “மாமா, கிண்டலெல்லாம் சாயங்காலம். ஒன்பதேகாலுக்குள்ள கிளம்பணும்.”

மச்சான் பல்பின் ஒரு வயரை பேட்டரியின் பிளஸ் முனையிலும் இன்னொன்றை மைனஸ் முனையிலும் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. மைனஸிலிருந்த வயரை எடுத்து எஞ்சினின் வெறும் இரும்பில் வைத்தார். எரியவில்லை.

“கரண்ட் போக வழியிருக்கு, திரும்பி வர வழியில்ல. எர்த் போச்சு.”

மைனஸிலிருந்து கிளம்பிய கறுப்பு வயரை விரலால் தொடர்ந்து போனார். அது பேட்டரித் தட்டின் அடியில், வண்டியின் உடம்போடு ஒரு போல்ட்டில் முடிந்தது.

“இந்த போல்ட்டுக்கு அடியிலயும் அடிச்சீங்களா?”

பெயிண்டர் குனிந்து போல்ட்டைப் பார்த்தார்.

“ஆமா.”

“எத்தனை கோட்டு?”

“மூணு.”

“பிரைமர்?”

“அதுக்கு முன்னாடி.”

மச்சான் சிரிக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். பெயிண்ட் கரண்டை விடாது, இத்தனை நாள் கரண்ட் போல்ட்டின் மரை வழியாகத் தத்தித்தத்தித் திரும்பியிருக்கும், இப்போது அதிலும் துரு ஏறிவிட்டது என்றார். உப்புத்தாளை எடுத்து நீட்டினார்.

“நீங்களே தேய்ங்க மாப்ள. நான் கை வச்சா காலம்பூரா மனசுல வச்சிருப்பீங்க.”

அவர் தேய்த்தார். முதலில் நீலம் போயிற்று, பிறகு பிரைமரின் சாம்பல். அரை ரூபாய் அகலத்துக்கு இரும்பு வெளுப்பாகத் தெரிந்தது. மரையையும் சுத்தம் செய்து போல்ட்டை முடுக்கினார்கள். சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்தது. மணி ஒன்பது பத்து.

“சுத்திக் கிரீஸ் மட்டும் தடவுங்க. பிரஷ்ஷ எடுத்தீங்க, இனிமே நான் வர மாட்டேன்” என்று மச்சான் ஜன்னல் வழியாகச் சொன்னார்.

மகள் பரீட்சை எழுத உள்ளே போனபின் மூன்று மணி நேரக் காத்திருப்பு. அவர் பானெட்டைத் திறந்தார். போல்ட்டின் வாஷரைச் சுற்றி வெறும் இரும்பு ஒரு கீற்றாக எட்டிப் பார்த்தது. இருக்கைக்கு அடியில் கருநீல டப்பாவும் சின்ன பிரஷ்ஷும் இருந்தன. கை அரித்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, விரலால் கிரீஸைத் தடவி பானெட்டை மூடினார்.

ஒரு மணிக்கு மகள் வெளியே வந்தாள். “எல்லாம் எழுதிட்டேன்பா. ஒரு கேள்வி மட்டும் விட்டுட்டேன்.”

வழக்கமாக எந்தக் கேள்வி என்று கேட்பார். இன்று சாய்வுப் பலகையை இறக்கினார்.