பத்துமலை கேட்டை விட்டு நகரவில்லை

ஈப்போவில் வசதியானவர்கள் வாழும் குடியிருப்பு ஒன்றின் வாசலில், ஒவ்வொரு காருக்கும் தடுப்புக் கம்பியைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார் பத்துமலை. அவருடைய வேலைநேரம் முடிந்து வெகுநேரமாகியும் அவரை மாற்றிவிட வேண்டிய ஜாகா, அடுத்த காவலாளி, வந்தபாடில்லை. முருகனுக்கு நேர்ந்து வைத்த பெயரோடு, ஞாயிறுதோறும் புந்தோங் ஜெபக்கூடத்தில் முதல் வரிசையில் உட்காருகிறவர் அவர். அதைச் சொல்லிப் பாஸ்டரே கிண்டலடிப்பதுண்டு.

கைப்பேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மகள் தினேஸ்வரி.

"அப்பா, அம்மாவுக்கு மூச்சு ரொம்ப வாங்குது. இன்னிக்குத் தாண்டுறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்களத்தான் கேக்குறாங்க. உடனே வாங்கப்பா."

"வாரேன்மா."

சூப்பர்வைசர் விக்னேஸ்வரனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணே, என்கிட்ட ஆளே இல்லலா. கேட்ட காலியா விட்டுப் போனீங்கன்னா கான்ட்ராக்டையே வெட்டிருவாங்க. உங்களுக்கும் வேல இருக்காது, எனக்கும் இருக்காது. கொஞ்சம் பொறுங்க. நான் சொன்னதும் போலாம்."

பத்துமலைக்கு அறுபது நெருங்குகிறது. சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டம் கைமாறி, லயத்து வீட்டைக் காலி செய்த பிறகு அவருக்கு நிலைத்த வேலை இது ஒன்றுதான். வாடகையும் மனைவி கலாதேவியின் மருந்தும் இதில்தான் ஓடின. இந்த வயதில் வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்?

பாஸ்டர் போன ஞாயிறு சொன்ன கதை நினைவுக்கு வந்தது. வேலைக்காரன் சாகக் கிடந்தபோது ஒரு படை அதிகாரி, இயேசு வீடுவரை வர வேண்டியதில்லை என்றானாம். நின்ற இடத்திலிருந்தே கட்டளையிட்டால் நோய் கேட்கும் என்றானாம். தானும் கட்டளைக்குக் கீழே இருப்பவன், அதன் பலம் தனக்குத் தெரியும் என்றானாம். ஜெபக்கூடத்தில் மற்றவர்கள் தலையாட்டினார்கள். பத்துமலைக்கு அது உண்மையிலேயே புரிந்தது. நேற்று முளைத்த விக்னேஸ்வரன் நில் என்றால் அவர் நிற்கிறார். அவன் சொல்லுக்கே இத்தனை அதிகாரம் என்றால் ஆண்டவர் சொல்லுக்கு எவ்வளவு இருக்கும்!

முழந்தாளிட முடியாது, கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். நின்றபடியே கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, நான் போய்த்தான் ஆகணும்னு இல்ல. நீங்க ஒரு சொல்லு சொல்லுங்க. அது போதும்."

மனம் லேசானது. பொய்யில்லை, உண்மையாகவே லேசானது. அடுத்த இரண்டு கார்களைச் சிரித்த முகத்தோடு உள்ளே விட்டார்.

மறுபடியும் தினேஸ்வரி.

"எங்கப்பா வந்துகிட்டிருக்கீங்க?"

"கேட்லதான்மா நிக்கிறேன். ஆளு வரல. நீ பயப்படாத. ஆண்டவர்கிட்ட ஒப்படைச்சிட்டேன், அவரு பாத்துக்குவாரு."



"அம்மாவும் அவர்கிட்டதான் பேசிகிட்டிருக்காங்க. அவரு பக்கத்துலயே இருக்காராம். நீங்கதாம்ப்பா இல்ல."

 வேலையாவது ஒன்றாவது என்று பத்துமலை சாவியை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளிடம் ஓடினார். ஹெல்மெட்டை மாட்டும்போது கைப்பேசி மூன்றாவது முறை அடித்தது. எடுத்ததும் மகள் அழுதாள். அவருக்கு ஆண்டவர்மேல் கோபம் வரவில்லை, தன்மேல்தான் வந்தது.

கம்பெனி வேன் வந்து நின்றது. விக்னேஸ்வரன் ஓர் இளைஞனோடு இறங்கினான்.

"ஆள் கொண்டாந்துட்டேண்ணே, இப்ப போலாம். போஸ்ட்ட விடாம நின்னீங்க பாருங்க, குடியிருப்புத் தலைவர்கிட்ட சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டாரு."

பத்துமலை மோட்டாரில் சாவியைப் போட்டார்.

"அப்புறம், அண்ணே... தம்பிக்கு இன்னும் யூனிபார்ம் வரல. சும்மா நின்னா கம்ப்ளேன் பண்ணுவாங்க. உங்க சட்டையைக் குடுத்துட்டுப் போங்கண்ணே."

ஹெல்மெட்டைக் கழற்றி மோட்டார்மேல் வைத்துவிட்டு, பத்துமலை பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். முதுகில் நனைந்து ஒட்டியிருந்த சட்டையை உரித்து நீட்டினார். இளைஞன் அதை அப்படியே மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனான். பத்துமலை சிங்லெட் பனியனோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்.