தெரியாது என்ற பதில்

ஜெமிமா ஜாவாவில் எழுதிய புரோகிராமுக்கு முகம் பார்க்கத் தெரியும். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனி வாசலில், கேமரா முன்னால் நிற்கிறவரின் பெயரைச் சொல்லி வருகை போட்டுவிடும். போட்டோக்களைக் காட்டிக் காட்டி அதைப் பழக்கியவள் அவள்தான்.

காலையில் ஒழுங்காகச் சொன்னது. சாயங்காலம் அலுமினியப் பவுடர் அப்பிய முகங்களோடு பெண்கள் வெளியே வந்தபோது பாதிப் பேரைத் தெரியாது என்றது. மேனேஜர் பால்துரை எரிந்து விழுந்தார்.

"தெரியாதுன்னு சொல்லுததுக்கா இம்புட்டுச் செலவு? ஏதாவது ஒரு பேரைச் சொல்லச் சொல்லும்மா."

பெயர் மாறிப்போகும் என்று தெரிந்தும் ஜெமிமா அந்த ஒரு பதிலைப் புரோகிராமிலிருந்து எடுத்துவிட்டாள். அதன்பின் யார் நின்றாலும், கொஞ்சம் சாயல் ஒத்த பெயரை அது கூசாமல் சொன்னது. பால்துரைக்கு வாயெல்லாம் பல்.

சித்திரையில் பட்டாசு மருந்து கலக்கும் அறை ஒன்று வெடித்தது. அன்று யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று போலீசுக்குக் காட்ட, ஜெமிமா லேப்டாப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிணவறையில் கருகிக் கிடந்தவர்களை யாராலும் அடையாளம் சொல்ல முடியவில்லை. அதே கம்பெனியில் வேலை பார்க்கும் அய்யம்மாள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். மகள் மாரிசெல்வியைக் காணோம்.

"தாயி, உங்க மிஷினுக்குத்தான் எங்க எல்லாரு மூஞ்சியும் தெரியுமே. இதுல எம்மக எதுன்னு கேட்டுச் சொல்லுங்க. தூக்கிட்டுப் போயிருதேன்."

ஜெமிமா லேப்டாப்பை மூடினாள்.

"அதுக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுன்னு அது ஒருநாளும் சொன்னதில்லையே, தாயி!"