பன்னிரண்டு வரி

சரியாகப் பன்னிரண்டு வரி அதிகமாகிவிட்டது. பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம். அதைத் தாண்டினால் இன்னொரு தாள் வேண்டும். நாவலின் மாணவர் பதிப்புக்கு அதெல்லாம் கட்டாது என்று பதிப்பாசிரியர் கையை விரித்தார். கதை கெடாமல் எங்கேயாவது பன்னிரண்டு வரியை வெட்டச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

பக்கங்களை அமைக்கும் லேஅவுட்காரர் தேடவே இல்லை. ஊரே கொண்டாடும் அந்தப் பழைய நாவலில் ஒரு வேலைக்காரி வருவாள். எஜமானியின் சங்கிலியைத் திருடுவாள், பிடிபடுவாள், கிணற்றில் விழுந்து சாவாள். மொத்தமே பன்னிரண்டு வரி. அவள் சாட்சாத் லேஅவுட்காரரின் பெரியம்மா. எழுத்தாளர் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். கிணறு நிஜம். சங்கிலி மறுவாரமே பீரோவுக்கு அடியில் கிடைத்தது. அதை மட்டும் அந்த மகானுபாவர் எழுதவில்லை. பெயரையாவது மாற்றினாரா? அதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் லேஅவுட்காரரைப் பையன்கள் ‘சங்கிலி’ என்றே கூப்பிட்டார்கள்.

வெட்டி எறிந்தார். வயிறு குளிர்ந்தது. மூன்று மணிக்கெல்லாம் ஃபாரம் மிஷினில் ஏறிவிட்டது.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். இனிமேல் எந்தப் பிள்ளையும் பெரியம்மாவைத் திருடி என்று படிக்காது என்றார்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. முகம் வெளுத்துப்போனது. அக்காவுக்கு ஒரு போட்டோ கிடையாது, புதைத்த இடத்தில் இப்போது லாரி நிற்கிறது என்று திக்கித் திக்கிச் சொன்னாள். மகன் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், வருஷாவருஷம் அந்த நாவல் பாடமாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் புத்தகத்தோடு கூப்பிட்டு அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்பாளாம். இத்தனை வருஷத்தில் அவருக்கு அது தெரியவே தெரியாது.

“பாத்திரம் தேய்க்கறப்ப தனியா சிரிச்சுக்குவாள்னு ஒரு வரி வருமேடா. அது நெஜம். அப்படித்தான் சிரிப்பா. திருடின்னு இருந்தா இருந்துட்டுப் போகட்டும், எங்க அக்கா அதுலயாவது இருந்தாளே.”

அவர் பதறிப்போய் அச்சகத்துக்குப் போன் போட்டார். முப்பதாயிரம் பிரதியும் ஓடி முடிந்தது, சுத்தமாக வந்திருக்கிறது என்றார் மிஷின்காரர்.

அம்மா அழவில்லை. அந்தப் பன்னிரண்டு வரியையும் இப்போதே சொல்லச் சொன்னாள். சிரிப்பு வரைக்கும் சொல்லிவிட்டார். அடுத்த வரியில் சங்கிலி. அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

“அதையும் சொல்லு” என்றாள் அம்மா.