அழுகிற ஆள் தேவை

ஐடியா என்று அவனுக்குப் பேர் வைத்தது நண்பர்கள். நல்லெண்ணத்தில் வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. இருந்த வேலையை உதறிவிட்டு, மனைவியின் தம்பியையும் வேலையை விடவைத்து, கார் ஷெட்டில் கம்பெனி தொடங்கினான். தயாரிப்பு ஒன்றே ஒன்று. வாசலுக்கு மேலே மாட்டுகிற சின்னப் பெட்டி. யார் வெளியே போனாலும் "எதையோ மறந்துட்டீங்க!" என்று கத்தும். எதை என்று கேட்டால் அதற்குத் தெரியாது.

கம்பெனியில் பணம் போட வந்த பணக்கார அம்மா ஒருவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைப் பிடுங்கிட்டா யாராவது அழுவாங்களா? அப்படி ஒரே ஒரு ஆளைத் திங்கட்கிழமைக்குள்ள காட்டுங்க, போடறேன். இல்லன்னா கடையைக் கட்டுங்க."

அவர் சொன்னது ஒரு பேச்சுக்கு. ஐடியாவோ பேச்சைப் பேச்சாக எடுத்துக்கொள்கிற ஆளா? மறுநாளே ஸ்க்ரூடிரைவரோடு கிளம்பிவிட்டான், விற்ற பெட்டிகளை எல்லாம் பிடுங்க. மச்சினன் சாக்குப்பையோடு பின்னால் போனான். கம்பெனி போனால் பழைய மேனேஜர் காலில் போய் விழ வேண்டியது அவன்தான், பாவம்.

முதலில் கணக்கு டீச்சர் வீடு. பெட்டியைக் கழற்றிவிட்டு ஐடியா அவர் கண்ணையே உற்றுப் பார்த்தான்.

"என்ன தம்பி, அப்படிப் பாக்கறீங்க?"

"ஈரம் ஏதாவது கசியுதா டீச்சர்?"

"ஆணியையும் பிடுங்கிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்."

பல் டாக்டர் தானே ஏணியைப் பிடித்துக்கொண்டார். புதுசாகக் கல்யாணமான ஜோடி பெட்டியை எப்போதோ கழற்றி, தலையணைக்குள் திணித்து, தலையணையை பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தது. ஒருத்தர் கண்ணிலும் பொட்டுத் தண்ணீர் இல்லை.

கடைசியாக மளிகைக்கடை. பெட்டியில் கை வைத்ததும் கடைக்காரர் கல்லாவை விட்டு ஓடி வந்தார்.

"ஐயையோ, அதை மட்டும் தொடாதீங்க தம்பி! அது கத்தினதும் போறவங்க நின்னு யோசிக்கறாங்க. அட, சோப்பு வாங்கலையேன்னு திரும்பி வர்றாங்க. எதிர்ல பெரிய கடை வந்தப்புறம் என் கடை மூச்சு விடறதே இதாலதான்!" தாரை தாரையாகக் கண்ணீர் வடிந்தது மனுஷனுக்கு.

மச்சினன் பையைக் கீழே போட்டுவிட்டான். "மாமா! அழறார் மாமா!"

"தெரியுதுடா." ஐடியா திருகாணியைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "அண்ணே, உங்களுக்கு ஞாபக மறதி உண்டா?"

"எனக்கா? போன வருஷம் யார் என்ன வாங்கினாங்கன்னு சொல்லட்டுமா?"

"அப்போ நீங்க எங்க வாடிக்கையாளரே இல்லண்ணே. இது மறதிக்காரங்களுக்காகச் செஞ்சது, நீங்க தப்பா உபயோகிக்கறீங்க. தயவுசெஞ்சு அழாதீங்க. நாங்க அழற ஆளைத் தேடிட்டிருக்கோம், நேரமில்ல."

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தால், வழியை விடு என்று அதட்டினவனை என்னவென்று சொல்வது! மச்சினன் கெஞ்சினான், கத்தினான், கடைசியில் "உங்களோட மாரடிக்க என்னால ஆகாது மாமா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான்.

திங்கட்கிழமை அந்த அம்மாவிடம் ஐடியா நடந்ததை எல்லாம் சொன்னான். "ஒருத்தர் அழுதார்ங்க. ஆனா அது செல்லாது."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட மனுஷா, அவரைத்தானே கேட்டேன்! ஓடுங்க. சாயங்காலம் வருவேன். அந்தப் பெட்டி அந்தக் கடையில இருந்தா சரி, இல்லன்னா இல்ல."

ஐடியா பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினான்.

கடை வாசலில் ஸ்டூல் போட்டு மச்சினன் உட்கார்ந்திருந்தான். பையோடு வெளியே வந்த ஒரு பெண்ணிடம், "அக்கா, பையனுக்குப் பரீட்சைன்னீங்களே, பேனா வாங்கியாச்சா?" என்றான். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

ஐடியாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. "அண்ணே, பெட்டியைச் சும்மாவே வெச்சுக்கோங்கண்ணே."

"வேணாம் தம்பி," என்றார் கடைக்காரர். "அது மறந்துட்டீங்கன்னு மட்டும்தான் சொல்லும். இவர் எதை மறந்தாங்கன்னும் சேர்த்துச் சொல்றார்."

"மாப்ள, நீயாவது சொல்லுடா. நம்ம கம்பெனிடா!" ஐடியாவின் குரல் உடைந்தது. அத்தனை வீட்டில் தேடியும் கிடைக்காத கண்ணீர் அவன் கன்னத்தில் இறங்கியது.

மச்சினன் எழுந்து அவன் தோளைப் பிடித்தான்.

"கொஞ்சம் ஓரமா நின்னு அழுங்க மாமா. வாடிக்கையாளர் வர்றாங்க."