முப்பது நாள் மஞ்சள் கார்

வெள்ளை டப்பா வண்டி வாங்கத்தான் போனோம். சத்தியமாக. விலை எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவு ஓடும், பின்னால் எத்தனை கூடை வைக்கலாம் என்றெல்லாம் எழுதிய தாளை என் கணவர் கசாமா கென்சாகு சட்டைப் பையில் வைத்திருந்தார். கடை முற்றத்தில் வெள்ளை டப்பாவுக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒன்று நின்றது. தரையோடு தரையாக, இரண்டே கதவு, நீண்ட மூக்கு. கடைக்காரர் ஹிரொனாகா சும்மா இருக்காமல் அதை ஸ்டார்ட் செய்து காட்டினார். அவ்வளவுதான், வெள்ளை டப்பாவை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் சிப்பி உரிக்கிறவள். ஹிரோஷிமா கடற்கரையில் அக்டோபரிலிருந்து மே வரை, காலை ஐந்தரைக்குக் கொட்டகை மேசை முன் நின்றாக வேண்டும். வயது நாற்பத்தொன்பது. கையில் கத்தி, காலில் ரப்பர் பூட்ஸ். இப்படிப்பட்டவளுக்கு இருபத்திரண்டு வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். அவர்கள் இதிலிருக்கிற ரோட்டரி என்ஜினைக் காது கொடுத்துக் கேட்டதில்லை, பாவம். மற்ற என்ஜின்கள் மேலும் கீழும் குத்திக்கொண்டிருக்கும். இது மாவு அரைக்கும் கல் மாதிரி உள்ளுக்குள்ளேயே சுற்றும். மிதிக்க மிதிக்கக் குரல் ஏறுமே தவிர மூச்சு வாங்காது. போதாததற்கு, எங்கள் ஊரிலேயே பிறந்த என்ஜின். கியோட்டோவில் பிறந்த என் கணவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது.

"பெட்ரோலையும் குடிக்கும், எண்ணெயையும் குடிக்கும். அதைப் பொறுத்துக்கலாம்," என்றார் ஹிரொனாகா. "ஒண்ணே ஒண்ணு. ஆறிக் கிடக்கிற வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு உடனே ஆஃப் பண்ணிடாதீங்க. உள்ள பெட்ரோல் தேங்கி மூச்சு முட்டிப் போயிடும். ஸ்டார்ட் பண்ணினா சூடாகிற வரைக்கும் ஓட்டணும். முடியாதுன்னா தொடவே கூடாது."

"மூச்சு முட்டிப் போச்சுன்னா?"

"ஆக்சிலேட்டரை அடிமட்டம் வரைக்கும் மிதிச்சுக்கிட்டே சாவியத் திருப்பணும். காலை எடுக்கக் கூடாது. பிடிக்கிறப்ப வெடிக்கும், புகையும், ஊரே திரும்பிப் பாக்கும். அப்பவும் காலை எடுக்கக் கூடாது."

கென்சாகு அதைத் தாளில் எழுதிக்கொண்டார். 'ஊரே திரும்பிப் பார்க்கும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வார்டு அலுவலகத்தில் புகார் வாங்கும் மேசையில் இருபத்தாறு வருடம். நாய் குரைக்கிறது, குழந்தை அழுகிறது, பக்கத்து வீட்டு மரம் இலை உதிர்க்கிறது என்று வருகிறவர்களுக்கெல்லாம் தலை வணங்கி வணங்கி, இப்போது கதவில் இடித்துக்கொண்டால் கதவிடமே மன்னிப்புக் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டார்.

"தோமொயே, ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது," என்றார். "முப்பது நாள் பாப்போம். அக்கம்பக்கத்துல ஒருத்தர், ஒரே ஒருத்தர் குறை சொன்னாலும் இதைத் திருப்பிக் குடுத்துட்டு வெள்ளை வண்டி எடுத்துக்கணும்."

ஹிரொனாகாவும் அதற்குச் சம்மதித்தார். எனக்கு அப்போது இருந்த தலைகால் புரியாத சந்தோஷத்தில் வீட்டை எழுதிக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

வண்டி வருவதற்கு முதல்நாளே கென்சாகு இனிப்புப் பெட்டிகளோடு எங்கள் சந்தில் வீடு வீடாகப் போய், நாளை முதல் விடியற்காலையில் சத்தம் வரும், பெரிய தொந்தரவு, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். செய்யப்போகிற தப்புக்கு முன்கூட்டியே மன்னிப்பு. எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான், ஆனால் இவர் மாதிரி வியர்த்து விறுவிறுத்துச் செய்தவர்கள் கிடையாது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது. தினமும் ஐந்து மணிக்கு ஸ்டார்ட் செய்வேன், மிதியைத் தொட்டும் தொடாமலும் சரிவில் இறங்கிக் கடற்கரைச் சாலைக்கு வந்துவிடுவேன். அங்கே என்ஜின் சூடானதும் மிதிப்பேன். முள் ஏறும், ஏறும், இன்னும் ஏறும். எல்லையைத் தொட்டதும் உள்ளே ஒரு மணி பீப் என்று கத்தும். நான் தனியாக உட்கார்ந்து சிரிப்பேன். சீட்டில் சிப்பி நாற்றம், மடியில் சோற்று உருண்டை, வாயெல்லாம் பல். கொட்டகைக்கு இருபது நிமிடம் முன்னதாகவே போய் நிற்பேன்.

"அக்கா, கத்தி பிடிக்கிற கைக்கு இந்த வண்டி எதுக்கு?" என்று கேட்டாள் பக்கத்து மேசை மிச்சிரு.

"உன் வீட்டுக்காரர் ஓட்டுற டப்பாவுல ஏறிப்பாத்தேன்டி. குளிர்பெட்டி நாலு சக்கரத்துல போற மாதிரி இருந்துச்சு. அதுக்குத்தான்."

மறுவாரம் அவளே என்னோடு ஏறிக்கொண்டு, மணி கத்துகிற வரைக்கும் மிதி அக்கா, மிதி அக்கா என்று உயிரை வாங்கினாள்.

கென்சாகு மட்டும் ஒவ்வொரு நாளையும் நாள்காட்டியில் அடித்துக்கொண்டே வந்தார். எதிர்வீட்டு ஒகிடாசான் ஒருநாள், "உங்க வண்டி நல்ல உற்சாகமா இருக்கு," என்று சொல்லிவிட்டாராம். அன்று கென்சாகுவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கியோட்டோவில் அப்படிச் சொன்னால் வாயை மூடு என்று அர்த்தமாம்.

"இது கியோட்டோ இல்லீங்க. இங்க உற்சாகம்னா உற்சாகம்தான்," என்றேன்.

இருபத்தெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சந்து முழுக்கக் கூடிச் சாக்கடை சுத்தம் செய்கிற நாள். நான் மேல்கோடியில் பெண்களோடு சேறு அள்ளிக்கொண்டிருந்தேன். கீழே எங்கள் வீட்டு வாசலில் அந்த ரீங்காரம் கேட்டது. உடனே நின்றது. மறுபடி ரீங்காரம், மறுபடி அமைதி. மண்வெட்டியோடு ஓடினேன். பாதி வழியில் மூன்றாவது தடவையும் கேட்டு நின்றது.

போய்ப் பார்த்தால், சந்துக்குக் குறுக்கே கோணலாக மஞ்சள் கார். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு மதிலை ஒட்டி நின்றது, மறுபக்கக் கதவு மின்கம்பத்தை ஒட்டி. இரண்டையும் திறக்க வழியில்லை. உள்ளே கென்சாகு. பின்னால் வெளியே போக வேண்டிய சேற்று லாரி. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர், யாருமே காரைப் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எத்தனை தடவை ஆஃப் பண்ணீங்க?"

"மூணு," என்றார் ஜன்னல் வழியாக. "காருக்குக் கீழ இருக்கிற மூடியத் திறக்கணும்னாங்க, நகத்தினேன். அப்புறம் லாரி வந்துச்சு, நகத்தினேன். இடம் பத்தலைன்னு மறுபடி நகத்தினேன். எல்லாரும் பக்கத்துல நின்னாங்க. சத்தம் அவங்க காதுக்குள்ள போகுமேன்னு, மரியாதைக்கு..."

"எழுதி வச்சீங்களே."

"எழுதித்தான் வச்சேன்."

இந்த மனிதரை என்ன செய்வது. இழுவை வண்டியைக் கூப்பிடலாம், ஒரு மணி நேரத்தில் சத்தமில்லாமல் எடுத்துப் போய்விடுவார்கள் என்றார். அந்த ஒரு மணி நேரமும் ஊரே குளிரில் நிற்கும், அதைவிடப் பெரிய குறை வேறென்ன வேண்டும். நான் உட்காரலாமென்றால் அவர் இறங்க முடியாது.

"அடிமட்டம் வரைக்கும் மிதிங்க. சாவியத் திருப்புங்க. காலை எடுக்காதீங்க," என்றேன்.

திருப்பினார். என்ஜின் இருமியது. எங்கள் சந்துக் குடியிருப்போர் சங்கத் தலைவர் தொண்டையைச் செருமினார். கென்சாகு உடனே அவர் பக்கம் திரும்பித் தலை வணங்கினார். வணங்கும்போது கால் தானாக மேலே வந்துவிட்டது. என்ஜின் நின்றது. மறுபடி திருப்பினார். ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. வணங்கினார், கால் வந்துவிட்டது, நின்றது. ஐந்தாவது தடவை பேட்டரியே ஓய்ந்துபோய், லாரிக்காரர் கேபிள் கொண்டுவந்து மாட்டி, கொஞ்சம் சார்ஜ் ஏற்றிவிட்டுக் கழற்றினார். அவருக்கும் ஒரு வணக்கம்.

"நீங்க மன்னிப்புக் கேக்குறத நிறுத்தினாத்தான் இது கிளம்பும்," என்றேன். கல்யாணமாகி இருபத்துநாலு வருடத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அன்றுதான்.

அப்போதுதான் ஒகிடாசான் கையில் அரிவாளோடு ஜன்னலருகே வந்தார்.

"கசாமாசான், ஒரு மாசமா உங்ககிட்ட எனக்கு ஒரு குறை," என்றார்.

குறை. அந்த வார்த்தையே வந்துவிட்டது. இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது.

"தினமும் அஞ்சு மணிக்கு முழிச்சுப் படுத்திருக்கேன். உங்க வண்டி கிளம்புது. இதோ இப்ப முழுசாக் கேக்கப்போறோம்னு காதைத் தீட்டிக்கிட்டு இருக்கேன். உங்க வீட்டம்மா பூனை மாதிரி நழுவிப் போயிடறாங்க. வர்ற தும்மல் வராமப் போனா எப்படி இருக்கும்? ஒரு மாசமா அப்படி இருக்கு எனக்கு. இன்னைக்கும் அரைகுறையா நிறுத்துனீங்கன்னா நிஜமாவே கோவம் வரும்."

கென்சாகுவின் தலை பழக்கத்தில் குனியத் தொடங்கியது. பாதியில் நின்றது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

வெடித்தது. மதில்மேல் இருந்த காக்கைகள் எல்லாம் எழும்பின. வெள்ளைப் புகை சந்து முழுவதையும் மூடி, தலைவரும் லாரியும் காணாமல் போனார்கள். ரீங்காரம் ஏறிக்கொண்டே போய், உள்ளே மணி பீப் என்று கத்தியது. அவர் காலை எடுக்கவில்லை. புகை கலைவதற்குள் வண்டி நேராகி, சரிவில் இறங்கி, வளைவில் மறைந்தது. ஒகிடாசான் அரிவாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார்.

"கசாமாசான் எங்க போறார்?" என்றார் தலைவர் இருமிக்கொண்டே.

"சூடாகிற வரைக்கும்," என்றேன்.

சூடாகப் பத்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் ஆயிற்று. சாக்கடை வேலை முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக் கலைந்துபோனார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒகிடாசான் எப்படிச் சொன்னால் என்ன, குறை குறைதான். வந்த புகாரைப் பதியாமல் விட்டதே கிடையாது அந்த மனிதர். நேராக ஹிரொனாகாவின் கடைக்குப் போய் வண்டியை ஒப்படைத்துவிட்டு வெள்ளை டப்பாவில் வருவார். வாசல் படியில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல், ரப்பர் பூட்ஸோடு அழுதேன். ஒரு காருக்காக அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இன்னும் அரை மணி கழித்து, சரிவின் அடியிலிருந்து ரீங்காரம் கேட்டது. மஞ்சள் மூக்கு வளைவில் எட்டிப் பார்த்தது. வாசலில் நிறுத்தினார், என்ஜினை நிறுத்தவில்லை. தலைமயிர் நட்டுக்கொண்டு நின்றது. இருபத்துநாலு வருடத்தில் பார்க்காத ஒரு முகம்.

"ஹிரொனாகா கடைக்கா போனீங்க?"

"போனேன். நிபந்தனை நிபந்தனைதானே."

"அப்புறம்?"

"கடை வாசல்ல நிறுத்தணும்னா ஆஃப் பண்ணணும். நல்லாச் சூடாயிருந்துச்சு, பண்ணியிருக்கலாம். கை போகலை." காதோரம் சிவந்தது. "அதனால கடையத் தாண்டிப் போயிட்டேன்."

"எது வரைக்கும்?"

"குரே டவுன் வரைக்கும். மணி பதினோரு தடவை கத்துச்சு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கதவைத் திறந்து சாவிக்காகக் கையை நீட்டினேன். அவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தோமொயே, நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீ மிச்சிரு வண்டியில போறியா? நான் இதை ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறேன்."

'எனக்கு இது வேண்டும்' என்று அந்த மனிதர் அதுவரை வாய் திறந்து கேட்டதே இல்லை. முடியாது என்றேன்.